கொக்கி விழும் சத்தம்

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே நான் என் இடத்தைவிட்டு நடந்து போய்விட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. இருங்காட்டுக்கோட்டையில் கார்களுக்கு ஆக்ஸில் செய்து கொடுக்கும் கம்பெனி அது. மேலே ஓடும் சங்கிலியில் ஆக்ஸில்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொங்கிக்கொண்டு வரும். என் முன்னால் வரும்போது இரண்டு போல்ட்டை முடுக்கிவிட வேண்டும். அது தன்பாட்டுக்குப் போய்விடும், அடுத்தது வரும். அவ்வளவுதான் வேலை. நான் போல்ட்டை முடுக்கினேன், ஆக்ஸிலின் ஓரத்தில் இடது கையை வைத்தேன், அது நகர்ந்தபோது நானும் கூடவே நகர்ந்தேன். அடுத்த ஆள் நின்ற இடத்தைத் தாண்டி, அதற்கும் அடுத்த ஆளைத் தாண்டி, பெயிண்ட் அடிக்கும் கூண்டின் வாசல்வரை போய்விட்டேன். பின்னால் ஆக்ஸில்கள் போல்ட் முடுக்கப்படாமல் வந்துகொண்டிருந்தன. யாரோ அவசரக் கயிற்றை இழுத்து லைனை நிறுத்தினார்கள்.

சூப்பர்வைசர் ஓடிவந்தார். திருவள்ளூர்ப் பக்கத்து ஆள், என்னைவிட வயதில் சின்னவர்.

"இன்னாப்பா, எங்க போய்கினு கீற? உன் ஸ்டேஷன் எது?"

ஸ்டேஷன் என்றால் எனக்கு ஒரே அர்த்தம்தான் தெரியும். எங்கள் ஊர் ஜங்ஷனின் பெயர் வாயில் வந்துவிட்டது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தத் தொழிற்சாலையில் ஒவ்வொரு ஆளும் நிற்கும் இடத்துக்கு ஸ்டேஷன் என்று பெயர். தரையில் மஞ்சள் பெயிண்டால் கட்டம் போட்டிருப்பார்கள். ஷிப்ட் முடியும்வரை அதற்குள்தான் நிற்க வேண்டும். பொருள் நகரும், ஆள் நிற்பான். நான் அதுவரை பார்த்த வேலையில் வண்டி நகர்ந்தால் ஆளும் கூட நகர்ந்தாக வேண்டும். அந்தப் பழக்கம் கால்களில் இருந்தது. புத்தி சொல்லி அதை நிறுத்த முடியவில்லை.

இருங்காட்டுக்கோட்டைக்கு வருவதற்கு முன்னால் தெற்கே ஒரு சிமெண்ட் ஆலையின் சைடிங்கில், அதாவது ஆலைக்கென்று போட்ட தனி ரயில் பாதையில், வேலை பார்த்தேன். ஜங்ஷனிலிருந்து ஒரு மீட்டர் கேஜ் கிளைப் பாதை பிரிந்து எங்கள் பக்கம் வரும். அதில் பயணிகள் வண்டி ஓடிய காலம் முடிந்துபோயிருந்தது. சரக்கு மட்டும்தான். பாதையின் கடைசியில் சிமெண்ட் ஆலை. நடுவில் ஒரு எண்ணெய் ஆலை, ஒரு உரக் கிடங்கு. மூன்றுக்கும் தனித்தனியாகப் பிரிந்து போகும் தண்டவாளங்கள். ரயில்வேக்காரர்கள் காலி வேகன்களையும் நிலக்கரி வேகன்களையும் பாதையின் முகப்பில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அங்கிருந்து பிரித்து, வரிசை மாற்றி, யார் யாருக்கு எது எதுவோ அதை அந்தந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவது எங்கள் பொறுப்பு. அதற்காக ஆலையே சொந்தமாக ஒரு சின்ன டீசல் எஞ்சின் வைத்திருந்தது.

எஞ்சின் டிரைவரை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். குள்ளம். எஞ்சினுக்குள் ஏறி உட்கார்ந்தால் வெளியே அவர் தலை மட்டும்தான் தெரியும். கொடி காட்டுவது, பாயிண்ட் லீவரைத் தள்ளித் தண்டவாளத்தை மாற்றுவது, வேகன்களைக் கோப்பது, கழற்றுவது எல்லாம் நான். எங்கள் இரண்டு பேரைத் தவிர பிரேக் போட ஒருவரும், கிராஸிங்கில் நிற்க ஒருவரும் உண்டு. ஆனால் வேலை என்று சொன்னால் அது எஞ்சினுக்கும் எனக்கும் நடுவே நடப்பதுதான்.

வேகன் கோப்பது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். வேகனின் முகத்தில் நடுவாக ஒரு இரும்பு முட்டு இருக்கும், அதன்மேல் கனமான கொக்கி. எஞ்சின் பின்னாலிருந்து ஒரு வரிசையைத் தள்ளிக்கொண்டு மெதுவாக வரும். நின்றுகொண்டிருக்கும் வேகனுக்கும் வருகிற வேகனுக்கும் நடுவே நான் போய் நிற்பேன். இரண்டும் முட்டும் அந்த நொடியில் கொக்கியைத் தூக்கிவிட வேண்டும், அது எதிர்ப் பக்கத்தில் போய் விழ வேண்டும். சரியாக விழுந்தால் ஒரு சத்தம் கேட்கும். தெளிவாக, ஒரே ஒரு தடவை. அரைகுறையாக விழுந்தால் இரட்டைச் சத்தம். நான் வெளியே வந்து பச்சைக் கொடியைக் காட்டுவேன். எஞ்சின் இழுக்கும். வரிசையில் இருக்கும் ஒவ்வொரு வேகனும் தன் முறை வரும்போது ஒரு குலுக்குக் குலுங்கி நகரும். அந்தக் குலுக்கல் முன்னாலிருந்து பின்னால்வரை ஓடுவதைக் கேட்டுக்கொண்டே நான் கடைசி வேகனோடு நடப்பேன், ஓடுவேன், ஏணியில் தொற்றிக்கொள்வேன். வெயிலில் இரும்பு கொதிக்கும். உள்ளங்கையில் கோணிச் சாக்கைச் சுற்றிக்கொள்வேன்.

எண்ணெய் ஆலைக்குப் பிரியும் இடத்தில் பாதை நன்றாக வளையும். அங்கே கொட்டகையில் கடலை உடைக்கும் பெண்கள் எங்கள் வண்டி வந்தால் வேலையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். அந்த வளைவில் நான் வண்டி ஓடும்போதே வேகனிலிருந்து குதித்து, முன்னால் ஓடி, லீவரைத் தள்ளி, திரும்ப வந்து ஏறுவேன். அப்படிச் செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. வண்டியை நிறுத்திவிட்டு நிதானமாகச் செய்திருக்கலாம். இருபத்துச் சொச்சம் வயது. பார்ப்பதற்கு ஆள் இருந்தார்கள். அந்த வளைவை நினைத்தால் இன்றைக்கும் என் கால் தானாக ஆடும்.

பிறகு அகலப் பாதை வந்தது. மெயின் லைனை மாற்றினார்கள். கிளைப் பாதையை மாற்றவில்லை. சிமெண்ட் லாரியில் போக ஆரம்பித்தது. எஞ்சின் கொட்டகையிலேயே நின்றது. ஆலைக்காரர்கள் எங்களைக் கூப்பிட்டு, உள்ளே மூட்டை கட்டும் வேலைக்கு வருகிறவர்கள் வரலாம், விலகிக்கொள்கிறவர்கள் விலகிக்கொள்ளலாம் என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். நான் விலகிக்கொண்டேன். எங்கள் ஊர்ப் பையன்கள் சிலர் ஏற்கெனவே ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் போயிருந்தார்கள். ஒரு பையைத் தூக்கிக்கொண்டு நானும் வந்து சேர்ந்தேன்.

வாடகைக்கு அறை பிடித்தது ஒரு விவசாயக் குடும்பத்தின் வீட்டில். நிலத்தின் பெரும்பகுதி கம்பெனிகளுக்குப் போய்விட்டது. மிச்சமிருந்த மாட்டுக் கொட்டகையை இடித்து வரிசையாக ஆறேழு அறைகள் கட்டி விட்டிருந்தார்கள். வீட்டுக்காரம்மா காலையில் வாசலில் தண்ணீர் தெளிக்கும்போதே நான் மொட்டை மாடியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருப்பேன். ஒருநாள் கீழேயிருந்து கூப்பிட்டார்.

"தம்பி, ஷிப்டு முடிச்சிட்டு வந்தும் நடந்துக்கினே கீறியே. கீழ என் மாமனாரு படுத்துக்கினு கீறாரு. மேல மாடு மேயுதான்னு கேக்கிறாரு."

அதற்குப் பிறகு தெருவில் நடந்தேன். சர்வீஸ் சாலை வழியாக நெடுஞ்சாலைவரை போவேன். லாரிகள் போவதைப் பார்ப்பேன். லாரிகளில் எனக்கு ஒன்றும் இல்லை. தனித்தனியாக வரும், தனித்தனியாகப் போகும். ஒன்று நகர்ந்தால் இன்னொன்று குலுங்காது.

ஒரு வருடம் கழித்து அண்ணாச்சி வந்தார். மகள் நர்ஸிங் படித்துக்கொண்டிருந்தாள். அவர் மூட்டை கட்டும் வேலையில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு, இருமல் தாங்காமல் விட்டுவிட்டார். லாரி ஓட்டலாம் என்றால் காது சரியாகக் கேட்கவில்லை. நான்தான் எழுதி வரச்சொன்னேன். எங்கள் கம்பெனிக்கு ஆள் அனுப்பும் கான்ட்ராக்டரிடம் கூட்டிப்போனேன். ஷெட்டுக்குள் பொருள் கொண்டுபோக பேட்டரியில் ஓடும் சின்ன இழுவை வண்டி புதிதாக வந்திருந்தது. டோ டிரக் என்பார்கள். அதன் பின்னால் நான்கைந்து டிராலிகளை ஒன்றோடொன்று கோத்து, ஸ்டோரிலிருந்து ஒவ்வொரு ஸ்டேஷனாகப் போய், ஒரு டிராலியை விட்டுவிட்டுக் காலி டிராலியை எடுத்துக்கொண்டு வர வேண்டும். அண்ணாச்சியை அதில் உட்காரவைத்துப் பார்த்தார்கள். பின்னால் திரும்பிப் பார்க்காமலேயே வரிசை முழுவதையும் வளைத்து, தூண்களுக்கு நடுவே கொண்டுபோய் நிறுத்தினார். அன்றே எடுத்துக்கொண்டார்கள்.

டிராலியைக் கோக்க ஒரு ஆள் வேண்டும் என்று தெரிந்ததும் நான் சூப்பர்வைசர் பின்னாலேயே அலைந்தேன். லைனில் நான் பெரிய கெட்டிக்காரன் இல்லை என்பது அவருக்குத் தெரியும். போய்த் தொலை என்று விட்டுவிட்டார்.

அதற்கப்புறம் சில மாதங்கள் நான் சந்தோஷமாக இருந்தேன். ஷெட்டின் சிமெண்ட் தரை, தலைக்கு மேலே டியூப் லைட், சத்தமே போடாத வண்டி. ஆனாலும் முன்னால் அண்ணாச்சி, பின்னால் நான். கையைத் தலைக்கு மேலே தூக்கி மெதுவாக ஆட்டினால் வா என்று அர்த்தம், பக்கவாட்டில் நீட்டினால் நில். பழைய கைச் சாடைதான். முதலில் லைனில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சில நாளில் அவர்களே எங்களைப் பார்த்துக் கையை ஆட்ட ஆரம்பித்தார்கள். சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் நாங்கள் வரும்போதெல்லாம் ரயில் கூவுவதுபோலக் கூவுவாள்.

டிராலி கோப்பதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். வண்டியை முழுதாக நிறுத்திவிட்டு, ஆள் உள்ளே போய், இரண்டு டிராலியையும் இணைக்கும் இரும்பு ஊசியைச் செருகிவிட்டு, வெளியே வந்து சொல்ல வேண்டும். எனக்கு அது பிடிக்கவில்லை. ஒருநாள் காலை ஷிப்டில், வெல்டிங் பகுதிக்குப் பக்கத்தில், வரிசை பின்னோக்கி வந்துகொண்டிருக்கும்போதே நான் நின்றிருந்த டிராலிக்கு முன்னால் போய் நின்று, வா என்று கையை ஆட்டினேன். ஊசியைக் கையில் தயாராக வைத்திருந்தேன். இரண்டு டிராலியும் முட்டும் நேரத்தில் செருகிவிடலாம். கண்ணாலேயே அளந்துவிட்டேன்.

வண்டி நின்றது. நான் மறுபடி கையை ஆட்டினேன். வண்டி வரவில்லை. அண்ணாச்சி இறங்கினார். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடைபாதைக் கோட்டின் மேலேயே நடந்து சூப்பர்வைசர் அறைக்குப் போனார். இவன் கோக்கிறதாக இருந்தால் நான் வண்டி ஓட்ட மாட்டேன், வேறு ஆள் போடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். காரணம் சொல்லவில்லை. மத்தியானத்துக்குள் என்னைத் திரும்பவும் மஞ்சள் கட்டத்துக்குள் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள்.

இரண்டு பேரும் ஒரே அறை. அவர் சமைப்பார், நான் பாத்திரம் கழுவுவேன். பேச்சில்லை. அவர் தட்டில் சோற்றைப் போட்டு என் பக்கம் தள்ளுவார், நான் சாப்பிடுவேன். வீட்டுக்காரம்மாவுக்கே விஷயம் புரிந்துவிட்டது. பெரியவரோடு சண்டையா என்று கேட்டார். இல்லை என்றேன். எனக்கு உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது. வெளியாள் செய்திருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். நான் எப்படி வேலை செய்வேன் என்று தெரிந்த ஒரே ஆள் அவர்.

ஒரு வார விடுமுறையில் அவராகவே டீ குடிக்கப் போகலாம் வா என்றார். சுங்குவார்சத்திரம் வரை பஸ்ஸில் போனோம். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு கடை. வெளியே போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்தோம். அவருக்குக் கேட்காது என்பதால் கொஞ்சம் உரக்கப் பேச வேண்டும். டீ வந்து, பாதி குடித்த பிறகு அவர் ஆரம்பித்தார்.

"எண்ணெய் மில்லு வளைவு ஞாபகம் இருக்கால?"

அதை மறப்பேனா என்றேன்.

"அங்க ஒருநா புண்ணாக்கு மூட்டை ஒண்ணு நடுவுல விழுந்து கெடந்துச்சே, அது ஞாபகம் இருக்கா?"

அதுவும் ஞாபகம் இருந்தது. அன்றைக்கு வளைவில் வேகன் கோக்க வேண்டியிருந்தது. நான் வா என்று கொடி காட்டிவிட்டு நடுவே போகப் பார்த்தேன். அதற்குள் கொட்டகையிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டு, மடியிலிருந்து வறுத்த கடலையை எடுத்துக் கொடுத்தாள். நான் தண்டவாளத்தைவிட்டு விலகி அவளிடம் போனேன். எஞ்சின் அதற்குள் தள்ளிக்கொண்டு வந்துவிட்டது. லாரியில் ஏற்றும்போது தவறி வேகனின் முட்டின்மேல் விழுந்து கிடந்த ஒரு மூட்டை வேகன்களுக்கு நடுவே மாட்டி நசுங்கியது. புண்ணாக்கு நாலாபக்கமும் தெறித்தது. பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வாயில் கடலையோடு வளைவைத் தாண்டி வந்து கொடி காட்டினேன். அந்த ஆலையில் இருந்த காலம் முழுவதிலும் நல்ல நாள் எது என்று யாராவது கேட்டால் நான் அந்த நாளைத்தான் சொல்லியிருப்பேன்.

அண்ணாச்சி டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தார்.

"வேகன் முட்டுனா எனக்குச் சத்தம் கேக்கும். அப்பல்லாம் காது நல்லாத்தான் இருந்துச்சு. அன்னைக்குச் சத்தம் வரல. மெத்துனு போயி நின்னுச்சு. நீ கொடி காட்டிட்டு உள்ள போனத நான் பாத்தேன். வெளிய வந்ததப் பாக்கல. வளைவு. ஒண்ணும் தெரியாது. எறங்கி வந்து பாக்கணும்னு தோணுது, கால் வரமாட்டேங்கு. கையி பிரேக்க விடமாட்டேங்கு. ஒங்க அம்மைக்கு என்ன சொல்லன்னு நெனச்சுட்டே உக்காந்திருக்கேன். அப்பதாம்ல நீ வாயி நெறயச் சிரிச்சுக்கிட்டு கொடியத் தூக்கிட்டு வாரே."

அவர் அன்றைக்கு எஞ்சினின் மறுபக்கமாகத் திரும்பி வாந்தி எடுத்ததையும், அதை யாருக்கும் சொல்லாமல் தண்ணீர் ஊற்றிக் கழுவியதையும் சொன்னார். அந்த நாளுக்கு முன்னாலும் பயம் உண்டு, பின்னாலும் உண்டு என்றார். நான் ஒவ்வொரு தடவை நடுவே போகும்போதும் அவர் குலசாமியை ஒருதரம் கும்பிட்டுவிட்டுத்தான் வண்டியை நகர்த்துவாராம். ஒரு நாளைக்கு எத்தனை தடவை கும்பிட்டிருப்பேன் என்று நினைத்துப் பார் என்றார். எஞ்சினை நிறுத்தச் சொன்ன அன்றைக்கு எல்லோரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றோமே, அவர் மட்டும் வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினாராம்.

"அங்க அப்பவே ஏன் அண்ணாச்சி சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா நீ கேக்கவா போற? ஒனக்கு அதுதான உசிரு. இங்க நான் சொகமா இருக்கேம்ல. வெயிலு இல்ல, பொக இல்ல. பின்னால வாரவன் பத்திரமா நிக்கானான்னு கண்ணாடியில தெரியுது. இங்கயும் வந்து நீ அதையே செஞ்சா நான் எங்க போவேன்?"

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் உட்கார்ந்ததும் தூங்கிவிட்டார். எனக்கு அவர்மேல் இருந்த கோபம் போய்விட்டது. அதற்குப் பதிலாக வேறு ஏதோ வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பெயர் சொல்லத் தெரியவில்லை. இத்தனை நாளும் ஒரு காலத்தை நினைத்து ஏங்கிக்கொண்டிருந்தேன், அதில் அவரும் என்கூட இருந்தார் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அவர் இருந்தது வேறொரு இடத்தில். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே இருந்த அந்த வேகன் வரிசையின் இந்தக் கோடியில் ஒருவிதமாகவும் அந்தக் கோடியில் வேறுவிதமாகவும் இருந்திருக்கிறது. அப்படியானால் நான் நினைத்து நினைத்து அலைந்துகொண்டிருப்பது எதை?

அலைவது மட்டும் நிற்கவில்லை. முன்னைவிட மோசமாயிற்று. ஆக்ஸில் கம்பெனியை விட்டேன். ஸ்ரீபெரும்புதூரில் கண்ணாடி கம்பெனி ஒன்றில் சேர்ந்தேன், அதையும் விட்டேன். ஒரு கிடங்கில் செக்யூரிட்டியாக நின்றேன். விடுமுறை நாட்களில் காஞ்சிபுரம் போய், அங்கிருந்து பஸ் மாறி அரக்கோணம் போவேன். ஸ்டேஷனை ஒட்டிய மேம்பாலத்தின் மேலே நின்று யார்டைப் பார்ப்பேன். பெரிய யார்டு. ஆனால் சரக்கு வண்டி முழுசாக வரும், முழுசாகவே போகும். பிரிப்பது, கோப்பது குறைந்துபோயிருந்தது. எப்போதாவது பழுதான ஒரு வேகனை மட்டும் தனியாகக் கழற்றி ஓரத்தில் விடுவார்கள். அதைப் பார்ப்பதற்காக மத்தியானம் முழுவதும் வெயிலில் நிற்பேன். அங்கே வேலை பார்த்த ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். ரயில்வேயில் சேர முடியுமா என்று கேட்டேன். பரீட்சை எழுத வேண்டும், உனக்கு வயது தாண்டிவிட்டதே தம்பி என்றார். அவர் வருத்தத்தோடுதான் சொன்னார். எனக்கு ஏனோ அதில் ஏமாற்றம் ஒன்றும் வரவில்லை. அடுத்த வாரமும் போய் அதே இடத்தில் நின்றேன்.

வேலை மாறினாலும் அறையை மட்டும் மாற்றவில்லை. அண்ணாச்சி டோ டிரக் ஓட்டினார். ஷிப்ட் முடிந்து வந்து வீட்டுக்காரம்மாவின் டிவியில் சீரியல் பார்ப்பார். அவருக்குக் கேட்பதற்காகச் சத்தத்தை ஏற்றி வைப்பார்கள், தெருவே கேட்கும். மாமனார் கிழவரும் இவரும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காமல், மணிக்கணக்காகப் பேசிக்கொண்டிருப்பார்கள். ஒரு மனுஷன் இவ்வளவு திருப்தியாக இருக்க முடியுமா என்று எனக்கு எரிச்சலாக வரும்.

மகள் படித்து முடித்து, ஊர்ப் பக்கத்திலேயே ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள். அப்பா வந்துவிடு என்றாள். அவர் கணக்கு முடித்துக்கொண்டு கிளம்பினார். வீட்டுக்காரம்மா ஒரு பை நிறைய முறுக்கு சுட்டுக் கொடுத்தார். செங்கல்பட்டில் மத்தியான ரயில் ஏற்றிவிடுவதற்காக நான் கூடப் போனேன்.

பஸ் ஒரகடம் வழியாகப் போனது. ரோட்டின் இரண்டு பக்கமும் நிலத்தை மட்டம் செய்துகொண்டிருந்தார்கள். வடக்குப்பட்டுப் பக்கம் போர்டுகள் நட்டிருந்தார்கள். இங்கே இன்னும் நிறைய வேலை வரப்போகிறது, எதிலாவது ஒன்றில் நிலையாக நில் என்றார் அண்ணாச்சி. சரி என்றேன்.

ரயில் வந்தது. அவருடைய பெட்டியையும் பையையும் ஏற்றி, சீட்டுக்கு அடியில் தள்ளி, ஜன்னலோரம் உட்காரவைத்தேன். வண்டி கிளம்ப மணி அடித்தார்கள். நான் வாசலுக்கு வந்தேன். பெட்டிகள் ஒவ்வொன்றாக இழுபடுவது காலுக்கு அடியில் தெரிந்தது. இறங்கியிருக்க வேண்டும். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிளாட்பாரம் முடிந்துபோயிற்று.

உள்ளே போனபோது அண்ணாச்சி என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் முதலில் பயம்தான் வந்தது, பிறகுதான் கோபம். ஓடுகிற வண்டியில் ஏறினாயா என்று கேட்டார். இல்லை, இறங்கவில்லை என்றேன். டிக்கெட் இல்லை, நாளைக்குக் காலை ஷிப்ட் வேறு. டிக்கெட் பரிசோதகர் வந்தபோது, பையன் என்னை ஏற்றிவிட வந்தான், வண்டி கிளம்பிவிட்டது என்று அவர்தான் சமாளித்தார். அவருடைய நரையையும் காது கேளாமையையும் பார்த்து, பரிசோதகர் விழுப்புரத்தில் இறங்கிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

விழுப்புரம்வரை இரண்டு பேரும் முறுக்கு சாப்பிட்டுக்கொண்டு போனோம். அண்ணாச்சி மதுராந்தகம் ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தார். நான் இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கல்யாணம் கட்டிக்கோ. நான் வாரேன்" என்றார்.

வண்டி போன பிறகு பிளாட்பாரத்தின் கடைசிவரை நடந்தேன். விழுப்புரத்தில் அப்போது மீட்டர் கேஜ் மிச்சமிருந்தது. தள்ளி, தனியாக, குறுகலான தண்டவாளங்கள். ஒரு எஞ்சின் பழைய பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்தது. நான் நின்றது எஞ்சினுக்கு நேராக, டிரைவரின் பக்கம். காக்கிச் சட்டை போட்ட ஒருவர் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார், நின்றிருந்த பெட்டிக்கு முன்னால் குனிந்தார், உள்ளே மறைந்தார்.

இத்தனை வருடம் அந்த வேலை செய்தும், அதை வெளியிலிருந்து, எஞ்சின் பக்கத்திலிருந்து நான் பார்த்ததே இல்லை. ஆள் இருந்த இடத்தில் ஆள் இல்லை. பெட்டிகள் நகர்ந்துகொண்டே இருந்தன. டிரைவர் ஜன்னலுக்கு வெளியே உடம்பில் பாதியை நீட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. முட்டிய சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு எதுவும் நடக்கவில்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தது என்று சொல்ல முடியாது. நான் குனிந்து, பெட்டிகளுக்கு அடியில் கால் தெரிகிறதா என்று தேடினேன். அந்தக் காக்கிச் சட்டைக்காரர் மறுபக்கமாக வெளியே வந்து, பீடி பற்றவைத்துக்கொண்டு, கொடியை ஆட்டினார். டிரைவர் உள்ளே இழுத்துக்கொண்டார்.

அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். இன்னொரு முறை கோப்பார்கள் என்று தெரிந்தது. பார்க்க வேண்டும் என்றும் இருந்தது, பார்க்கக் கூடாது என்றும் இருந்தது. போர்ட்டர் ஒருவர் வந்து, இங்கே நிற்கக் கூடாது என்றார். ஸ்டேஷனைவிட்டு வெளியே வந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். மறுநாள் ஷிப்டுக்குச் சரியான நேரத்துக்குப் போய்விட்டேன்.

அடுத்த வருடம் எனக்குக் கல்யாணம் நடந்தது. சுங்குவார்சத்திரத்தில் குடியிருந்தோம். ஒரகடத்தில் புதிதாக வந்த கிடங்கு ஒன்றில் கன்டெய்னர் லாரிகளை இடம் பார்த்து நிறுத்திவைக்கும் வேலை கிடைத்தது. காலையிலிருந்து நடை. வெட்டவெளி. மற்ற எல்லா வேலையையும்விட அதில்தான் அதிக நாள் இருந்தேன். டிரைவர்களுக்குக் கைச் சாடை காட்டும்போது, கண்ணாடியில் நான் தெரிகிறேனா என்று முதலில் கேட்டுக்கொள்வேன். தெரிகிறது என்று அவர்கள் கத்திச் சொன்ன பிறகுதான் கையைத் தூக்குவேன். சிலர் திட்டுவார்கள், எத்தனை தடவைய்யா கேட்பாய் என்று.

அரக்கோணம் போவதை விட்டுவிட்டேன். மற்றபடி மாற்றம் ஒன்றும் இல்லை. விடுமுறை நாளில் வீட்டில் இருப்புக் கொள்ளாது. காய்கறி வாங்கக் கிளம்பினால் மார்க்கெட்டைத் தாண்டிப் போய்விடுவேன். முதலில் என் மனைவி கோபித்துக்கொண்டாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு அவளும் கூட வர ஆரம்பித்தாள். எங்கே போகிறோம் என்று அவள் கேட்பதில்லை. கால் வலித்தால் மட்டும் சொல்வாள். நாங்கள் அங்கிருந்து பஸ் பிடித்துத் திரும்புவோம்.